பந்து பிடித்தால் படிப்பு வருமா?

வட்டமான ஒரு பலகை. அதன் அடியில் அரை உருண்டையாக ஒரு கட்டை. பலகையின் மேல் பத்து வயதுச் சிறுவன் ஏறி நிற்கிறான். இப்படியும் அப்படியும் ஆடும் அந்தப் பலகையில் விழாமல் நிற்பதே பெரும்பாடு. அவனோ நின்றபடியே சிறு துணிப்பை ஒன்றை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்கவும் வேண்டும். காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். பக்கத்தில் அம்மா நின்று எண்ணிக்கொண்டிருக்கிறார். இதெல்லாம் எதற்கு என்று கேட்டால், மகனுக்கு வாசிப்பு வரவேண்டும் என்பதற்காக என்பார்.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான வீடுகளில் இந்தக் காட்சி நடந்தது. வின்ஃபர்ட் டோர் என்ற தொழிலதிபரின் மகளுக்கு டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்புக் குறைபாடு இருந்தது. மகளுக்காகத் தேடத் தொடங்கிய தந்தை, உடற்பயிற்சி மூலம் இந்தக் குறையைப் போக்கலாம் என்ற முடிவுக்கு வந்தார். வார்விக்‌ஷயர் மாவட்டத்தின் கெனில்வொர்த் ஊரில் ஒரு மையம் திறந்தார். அது பல ஊர்களுக்கும், ஆஸ்திரேலியா போன்ற பிற நாடுகளுக்கும் பரவியது. ஒரு பிள்ளைக்குக் கட்டணம் ஏறக்குறைய 2,000 பவுண்டு. ‘டோர் திட்டம்’ என்று அதற்குப் பெயர்.

அந்தத் தந்தையின் ஏக்கத்தை நாம் ஒவ்வொருவரும் புரிந்துகொள்ள முடியும். நம் ஊர்களிலும் இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருகிறது. குறுக்கும் நெடுக்கும் கைகால் ஆட்டினால் மூளையின் இரு பாதிகளும் ஒன்றாக வேலை செய்யும் என்கிறார்கள். தோப்புக்கரணம் போட்டால் ஞாபகம் வளரும் என்கிறார்கள். பந்து பிடிக்கப் பழக்கினால் பையனுக்கு எழுத்து பிடிபடும் என்கிறார்கள். உண்மையா?

ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு கேள்விபோலத் தோன்றும் இதற்குள் இரண்டு மூன்று கேள்விகள் முடிச்சிட்டுக் கிடக்கின்றன. ஒவ்வொன்றாக அவிழ்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் வாசிப்புக் குறைபாடு. அறிவு குறைவானதால் வருவதல்ல இது, கண் பார்வைக் கோளாறும் அல்ல. பெரும்பாலான பிள்ளைகளிடம் இதன் வேர் ஒலியைப் பிரித்து உணர்வதில் இருக்கிறது. ‘கடல்’ என்ற சொல்லில் முதல் எழுத்தின் ஒலியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன என்று கேளுங்கள். ஏழு வயதுப் பிள்ளைகள் பலர் ‘டல்’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இந்தப் பிள்ளைகளுக்கோ அந்தச் சொல் உடைபடாத ஒற்றைக் கட்டியாகவே காதில் விழுகிறது. உடைபடாத ஒலியை எந்த எழுத்தோடு பொருத்துவது? தமிழ் எழுத்து முறையில் இதற்கு மேலும் சில மேடு பள்ளங்கள் உண்டு. ‘கொக்கு’ என்று எழுதும்போது வாய் ‘க்’ என்று தொடங்குகிறது, கையோ முதலில் கொம்பை எழுதுகிறது. ஒலியில் பின்னால் வருவது எழுத்தில் முன்னால் நிற்கிறது, போதாததற்கு மறுபுறம் ஒரு காலும் வேண்டும். கடல், அகம், பங்கு மூன்றிலும் இருப்பது ஒரே ககரம்தான், ஒலிப்பு மூன்று விதம். ல, ள, ழ பற்றிச் சொல்லவே வேண்டாம். இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, பழக்கி, மறுபடியும் பழக்கிக் கொடுக்க ஒருவர் தேவை.

இரண்டாவது, உடல் அசைவை ஒழுங்குபடுத்துவதில் வரும் குறைபாடு. டிஸ்பிராக்சியா என்றும், வளர்ச்சிசார் ஒருங்கிணைப்புக் குறைபாடு என்றும் மருத்துவ உலகம் இதைச் சொல்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்கு இது இருக்கிறது. ஐம்பது பேர் படிக்கும் வகுப்பில் இரண்டு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்லெக்சியாவைப் பற்றி இன்று பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். இதைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் மிகக் குறைவு. இந்தப் பிள்ளைகளின் தசைகளில் பலவீனம் ஏதும் இருக்காது. ஆனால் சட்டைப் பட்டன் நழுவும். டிபன் பாக்ஸ் மூடி திறக்க வராது, திறந்தால் சாதம் மடியில் கொட்டும். ஷூ லேஸ் முடிச்சு எட்டு வயதிலும் வசப்படாது. வரும் பந்தை நோக்கிக் கை போவதற்குள் பந்து கடந்து போயிருக்கும். கையெழுத்து கோடு தாண்டி ஓடும், பாதித் தேர்வு எழுதுவதற்குள் மணி அடித்துவிடும். ஓர் அசைவை முன்கூட்டியே திட்டமிடுவதிலும், அதன் விளைவை எதிர்பார்த்துத் திருத்திக்கொள்வதிலும் மூளைக்குள் ஏற்படும் தடுமாற்றம் இது. வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் சோம்பேறித்தனம், கவனமின்மை, திமிர். ஆறு வயதிலிருந்து அந்தப் பெயர்களைக் கேட்டு வளரும் பிள்ளையை நினைக்கவே கஷ்டமாக இருக்கிறது.

இந்த இரண்டு குறைகளும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்திருப்பது அடிக்கடி நேர்வதுதான். அசைவுக் குறைபாடு உள்ள பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் கூடவே இருக்கின்றன. பலருக்கு வாசிப்புச் சிக்கலும் உண்டு. இங்கேதான் மனம் ஒரு குறுக்கு வழியைப் பிடித்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன, ஆகவே ஒன்றைச் சரிசெய்தால் மற்றது தானே சரியாகும் என்று. ஒரே மழையில் இருவர் நனைந்து வந்திருக்கலாம். ஒருவர் தலையைத் துவட்டினால் மற்றவர் தலை காயாது. வகுப்பைச் சற்று உற்றுப் பார்த்தாலே இது தெரியும். கிரிக்கெட்டில் பாய்ந்து பாய்ந்து கேட்ச் பிடிக்கும் பையன் ஒரு பத்தியை வாசிக்கத் திணறுகிறான். நூலகத்துப் புத்தகங்களை விழுங்கும் சிறுமி சைக்கிள் ஓட்ட முடியாமல் அழுகிறாள். பந்து பிடிப்பதுதான் வாசிப்புக்கு அடித்தளம் என்றால் இந்த இருவரும் இருக்கவே முடியாது.

ஆனாலும் டோர் திட்டத்தின் பின்னணியில் நேர்மையான ஓர் அறிவியல் எண்ணம் இருந்தது, அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். பிடரிக்கு மேலே உள்ளே சிறுமூளை இருக்கிறது. எடையில் மொத்த மூளையில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் மனித மூளையிலுள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி இந்தச் சின்ன உறுப்புக்குள்தான் அடைந்து கிடக்கின்றன. நடை, சமநிலை, அசைவின் நளினம் எல்லாம் இதன் பொறுப்பு. ஒரு செயலை யோசிக்காமலே செய்யும் அளவுக்குப் பழக்கமாக்குவதிலும் இதற்குப் பங்கு உண்டு. ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தின் ராட் நிக்கல்சன், ஆஞ்செலா ஃபாசெட் இருவரும் 1990இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைகளைச் சும்மா நிற்கச் சொன்னால் நன்றாகவே நின்றார்கள். நின்றுகொண்டே எண்களைப் பின்னோக்கி எண்ணச் சொன்னதும் தள்ளாடினார்கள். மற்றப் பிள்ளைகளுக்கு நிற்பது தானாக நடக்கும் செயல், இவர்களுக்கு அதற்கும் கவனம் செலவாகிறது என்று அவர்கள் கருதினார்கள். வாசிப்பு தானாக ஓடாததும் இதே காரணத்தாலோ, சிறுமூளையில்தான் சிக்கலோ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி.

பின்னால் வந்த ஆய்வுகள் அந்தக் கேள்வியின் வலுவைக் குறைத்தன. டிஸ்லெக்சியா உள்ள பல பிள்ளைகளுக்குச் சமநிலையில் எந்தக் குறையும் இல்லை. தள்ளாட்டம் இருந்த இடங்களில் அது வாசிப்புக் குறையைவிடக் கவனக் குறைபாட்டோடுதான் அதிகம் சேர்ந்திருந்தது. அது ஒருபுறம் இருக்க, சிறுமூளையில்தான் சிக்கல் என்றே வைத்துக்கொண்டாலும், பலகையில் நிற்கப் பழகினால் அந்தச் சிறுமூளை மொத்தமாகப் பலம் பெற்று வாசிப்புக்கும் உதவும் என்பது எப்படி? மூளை புஜத்தசை போன்றதல்ல. தவில் வாசித்து விரல்கள் பழகியவருக்கு வீணை தானாக வந்துவிடுவதில்லை. இரண்டும் இசைதான், இரண்டும் கை வேலைதான். ஆனாலும் வீணையை வீணையில்தான் பழக வேண்டும்.

அனுமானம் எப்படியிருந்தாலும் செய்து பார்த்ததில் பலன் கிடைத்ததா என்று பார்ப்பதுதான் முறை. கெனில்வொர்த்துக்கு அருகே பால்சால் காமன் என்ற ஊரின் தொடக்கப் பள்ளியில் டோர் திட்டத்தைச் சோதித்தார்கள், முடிவுகள் 2003இல் ‘டிஸ்லெக்சியா’ என்ற ஆய்விதழில் வெளிவந்தன. முப்பத்தைந்து பிள்ளைகள் அளவில் ஒரு சிறு ஆய்வு. ஒரு பாதிக்கு முதல் ஆறு மாதம் பயிற்சி, மறு பாதிக்கு அந்த ஆறு மாதம் ஒன்றுமில்லை, பின்னர் அவர்களுக்கும் பயிற்சி. பயிற்சி பெற்ற பிள்ளைகள் வாசிப்பிலும் முன்னேறினார்கள் என்று அறிவிப்பு வந்தது. தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் பெரிதாகப் பேசப்பட்டது. ரக்பி வீரர்கள் தங்கள் சொந்த அனுபவத்தைச் சொல்லி ஆதரித்தார்கள்.

ஆய்வைத் திறந்து பார்த்த வல்லுநர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் டிஸ்லெக்சியா என்று கண்டறியப்பட்டவர்களே அல்லர். தொடக்கத்திலேயே இரு குழுவும் வாசிப்பில் சமமாக இல்லை. ஒரு குழுவோடு பெற்றோர் தினமும் இரண்டு வேளை உட்கார்ந்து, ஊக்கப்படுத்தி, எண்ணி, பாராட்டினார்கள். மற்றக் குழுவுக்கு அப்படி எந்தக் கவனிப்பும் இல்லை. அப்படியென்றால் பலன் பலகையால் வந்ததா, பக்கத்தில் நின்ற அம்மாவால் வந்ததா? ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டோரதி பிஷப் 2007இல் இந்தக் குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். இதே பிள்ளைகளைப் பற்றிய தொடர் கட்டுரையையும் அதே இதழ் வெளியிட்டபோது அதன் ஆசிரியர் குழுவில் இருந்த ஐந்து பேர் எதிர்ப்புத் தெரிவித்து விலகினார்கள். 2008 மே மாதம் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் மையங்கள் மூடப்பட்டன. முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் பாதிப் பயிற்சியில் நின்ற குடும்பங்கள் பல.

ஆனால் எங்கள் பிள்ளை முன்னேறியதை எங்கள் கண்ணாலேயே பார்த்தோமே என்று அந்தப் பெற்றோர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களை ஏமாளிகள் என்று தள்ளுவது பெரும் அநியாயம். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இங்கிலாந்தைத் தாண்டி நம் ஒவ்வொரு வீட்டுக்கும் பொருந்துவது இதுதான்.

காய்ச்சல் எப்போது நம்மை மருத்துவரிடம் ஓட வைக்கிறது? உச்சத்தில் இருக்கும்போது. உச்சத்துக்குப் பிறகு அது எப்படியும் இறங்கத்தான் போகிறது. குடித்தது கஷாயமோ மாத்திரையோ, இறங்கிய பெருமை அதற்குப் போய்ச் சேரும். பிள்ளையின் படிப்பிலும் அப்படித்தான். காலாண்டுத் தேர்வில் மிக மோசமான மதிப்பெண் வந்த வாரத்தில்தான் பெற்றோர் ஒரு மையத்தின் கதவைத் தட்டுகிறார்கள். அடுத்த தேர்வு அதைவிடச் சற்று நன்றாக அமைவதற்கே வாய்ப்பு அதிகம். இதற்கிடையில் பிள்ளைக்கு ஆறு மாதம் வயது கூடியிருக்கிறது, பள்ளியில் ஆறு மாதம் பாடம் நடந்திருக்கிறது, டியூஷன் அக்காவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வீட்டில் திட்டு குறைந்திருக்கிறது, ஏனென்றால் இது பிள்ளையின் குற்றமல்ல என்று யாரோ ஒருவர் முதல்முறையாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வார்த்தைக்கே எவ்வளவு பலம்! இத்தனையையும் பிரித்து வைத்துவிட்டுப் பயிற்சியின் பங்கு மட்டும் எவ்வளவு என்று பார்க்கத்தான் ஒப்பீட்டுக் குழு வேண்டும். இரண்டு குழுவுக்கும் ஒரே அளவு நேரம், ஒரே அளவு அன்பு. ஒன்றுக்குச் சோதிக்கப்படும் பயிற்சி, மற்றதற்கு வேறு ஏதோ ஒன்று. யாருக்கு எது என்று அளப்பவருக்கே தெரியக் கூடாது.

அப்படி அளந்து பார்த்த வரலாறு நீண்டது. 1960இல் நியூவெல் கெஃபார்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் மெதுவாகக் கற்கும் பிள்ளைகளைப் பற்றிப் புத்தகம் எழுதினார். அசைவும் புலனும்தான் எல்லாக் கல்விக்கும் அடிப்படை என்றார். அமெரிக்கப் பள்ளிகளில் சிறப்புக் கல்வி வகுப்புகளுக்கு மரக்கட்டை மேல் நடக்கும் பயிற்சி வந்தது. 1983இல் கவாலே, மேட்சன் என்ற இருவர் அதுவரை நடந்த 180 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்கிட்டார்கள். நூறு பிள்ளைகளைத் திறமை குறைந்தவரிலிருந்து கூடியவர் வரை வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் ஐம்பதாவதாக நிற்கும் பிள்ளை, இந்தப் பயிற்சிகளுக்குப் பிறகு ஐம்பத்து மூன்றாவது இடத்துக்கு நகரும். 180 ஆய்வுகளின் மொத்தப் பலன் அவ்வளவுதான். ஃபிலடெல்ஃபியாவில் க்ளென் டோமன், கார்ல் டெலகாட்டோ இருவரும் பிள்ளைகளைத் தவழவும் ஊரவும் வைத்து மூளையைப் புதிதாக அமைக்கலாம் என்றார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1968, 1982, 1999 என்று மூன்று முறை அதற்கு எதிராக அறிக்கை விட வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாவில் பிறந்த ‘பிரெய்ன் ஜிம்’ என்ற பயிற்சி முறை, காறை எலும்புக்குக் கீழே தேய்த்தால் மூளைக்கு ரத்தம் பாயும் என்பது வரை சொன்னது. 2008இல் பிரிட்டனின் உடலியங்கியல் அறிஞர்களும் நரம்பியல் அறிஞர்களும் அந்தக் கூற்றுகளுக்கு அறிவியல் ஆதாரமில்லை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள்.

பிள்ளையார் முன் நாம் போடும் தோப்புக்கரணமும் இந்த வரிசையில் சேர்ந்துவிட்டது. பிலிப்பைன்ஸில் வாழ்ந்த சோவா கோக் சூய் என்பவர் அதற்கு ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று பெயர் சூட்டி உலகெங்கும் கொண்டுபோனார். காது மடலைப் பிடிப்பதில் மூளைக்கான சூட்சுமம் இருக்கிறதாம். தோப்புக்கரணம் தொடைக்கும் முழங்காலுக்கும் நல்ல பயிற்சி, பக்தியோடு போடுபவருக்கு மன நிறைவும் தரும். அதை டிஸ்லெக்சியாவுக்கு மருந்தாக எழுதிக் கொடுக்க ஆதாரம் இல்லை. வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு அதைத் தண்டனையாகக் கொடுப்பது கொடுமை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2000இல் ‘லான்செட்’ இதழில் பெல்ஃபாஸ்டிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பிறந்த குழந்தையிடம் இருக்கும் சில அனிச்சை அசைவுகள் முதல் ஆண்டில் மறைந்துவிட வேண்டும். அவை மறையாமல் நீடித்த, வாசிப்பில் பின்தங்கிய 60 பிள்ளைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு அந்த அனிச்சைகளைப் போன்ற அசைவுகள், ஒரு குழுவுக்குத் தொடர்பில்லாத அசைவுகள், ஒன்றுக்கு எதுவுமில்லை. ஓர் ஆண்டுக்குப் பிறகு முதல் குழு வாசிப்பில் கூடுதலாக முன்னேறியிருந்தது. முறையாக, கவனமாகச் செய்த ஆய்வு, இதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் ஒரு குழுவுக்கு இருபது பிள்ளைகள் என்ற அளவை வைத்துக்கொண்டு ஊரிலுள்ள எல்லாப் பிள்ளைகளையும் தரையில் உருட்டுவதற்கு நான் ஒப்ப மாட்டேன். எதிர்ப்பக்கத்தில் நிற்கும் சான்று மிகப் பெரியது. வாசிப்புக் குறைபாட்டுக்கான பலவகைச் சிகிச்சைகளைச் சோதித்த 22 ஆய்வுகளை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 2014இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். வாசிப்பிலும் எழுத்துப் பிழை நீக்குவதிலும் பலன் உறுதியானது ஒரே ஒரு வகைக்குத்தான். எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை ஒழுங்காகப் படிப்படியாகச் சொல்லிக் கொடுப்பது.

அப்படியானால் உடற்பயிற்சியால் படிப்புக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது, வேறு வழியில். இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் 2009இல் ஒன்பது வயதை ஒட்டிய 20 பிள்ளைகளை டிரெட்மில்லில் இருபது நிமிடம் நடக்க வைத்துவிட்டுச் சோதித்தார்கள். கவனம் கூடியிருந்தது. பள்ளி முடிந்தபின் ஒன்பது மாதம் ஓடியாடிய பிள்ளைகளை, வாய்ப்புக்காகக் காத்திருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்ட அவர்களின் 2014 ஆய்வில் 221 பேர் இருந்தார்கள். மனத்தை ஒரு வேலையில் நிறுத்துவதிலும், கவனத்தை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றுவதிலும் ஓடியாடியவர்கள் முன்னேறினார்கள். மூச்சு வாங்க விளையாடிவிட்டு வரும் பிள்ளை கொஞ்சம் தெளிவோடு உட்காருகிறது. அந்தத் தெளிவு ழகரத்தைச் சொல்லித் தராது, சொல்லித் தருபவர் எதிரே உட்கார்ந்தால் கேட்க வைக்கும். இதற்குத் தனிப் பலகையோ காப்புரிமை பெற்ற திட்டமோ தேவையில்லை. கபடி போதும், கயிறாட்டம் போதும், தெருவில் துரத்திப் பிடித்து விளையாடுவது போதும்.

இனி அசைவுக் குறைபாட்டுக்கு வருவோம். கை கால் தடுமாறும் பிள்ளைக்குக் கை கால் பயிற்சி உதவுமா? உதவும். இங்கேதான் நம்பிக்கையோடு பேச முடிகிறது. ஆனால் எந்தப் பயிற்சி என்பதில் முழு வேறுபாடும் இருக்கிறது.

நீண்ட காலம் சிகிச்சையாளர்கள் அடித்தளத்திலிருந்து தொடங்கினார்கள். ஊஞ்சலில் ஆட்டி, உருளையில் உருட்டி, தோலைத் தேய்த்துப் புலன்களைச் சீராக்கினால், அதன்மேல் எல்லாத் திறமைகளும் தானே முளைக்கும் என்பது எண்ணம். மற்றொரு வழி நேராகச் செயலுக்குப் போவது. பட்டன் போட வராதா, பட்டன் போடப் பழகு. நெதர்லாந்தைச் சேர்ந்த ஸ்மிட்ஸ்-எங்கல்ஸ்மான் முதலியோர் 2013இல் இரு வழிகளின் ஆய்வுகளையும் தொகுத்தார்கள். செயலை நேராகப் பழக்கும் வழியின் பலன் வலுவாகவும், அடித்தளத்தைச் சீராக்கும் வழியின் பலன் மெலிந்தும் இருந்தன. இந்தக் குறைபாட்டுக்கான பன்னாட்டு வழிகாட்டி நெறிகளும் செயலை நேராகப் பழக்கும் வழியையே பரிந்துரைக்கின்றன. அதிலும் அடக்கமாகத்தான் பேச வேண்டும். 2017இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பு 15 ஆய்வுகளைப் பார்த்துவிட்டு, பலனை உறுதியாகச் சொல்ல முடியவில்லை, சான்றின் தரம் உயர வேண்டும் என்றது. கையெழுத்திலும் இதே கதைதான். விரலுக்குப் பலம் வரட்டும் என்று மாவு பிசையவும் பஞ்சுருண்டை பொறுக்கவும் கொடுக்கிறோம். 2011இல் கையெழுத்துச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், எழுதுவதைச் சேர்க்காத எந்தப் பயிற்சியும் எழுத்தைத் திருத்தவில்லை என்று கண்டார்கள். இருபது அமர்வுகளுக்குக் குறைந்தவையும் பலன் தரவில்லை.

கனடாவின் ஹெலீன் பொலடாய்கோ, ஆஞ்செலா மண்டிச் உருவாக்கிய முறை எனக்கு மிகவும் பிடித்தது. அதில் எதைப் பழக வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுப்பது பிள்ளைதான். பிறகு நான்கு படி: இலக்கு, திட்டம், செயல், சரிபார்ப்பு. சட்டைப் பட்டன் என்று வைத்துக்கொள்வோம். நாம் என்ன செய்வோம்? அவசரத்தில் நாமே போட்டுவிடுவோம், அல்லது “எத்தனை தடவ சொல்றது, இப்படிப் பிடி” என்று கையைப் பிடித்து இழுப்போம். இந்த முறையில் பெரியவர் கேட்கிறார்: “எங்க நழுவுது, பாத்தியா கண்ணு?” பிள்ளை பார்க்கிறது. பட்டனின் விளிம்பு ஓட்டையைத் தாண்டி வந்ததும் தன் விரல் அதை விட்டுவிடுகிறது என்பதைத் தானே கண்டுபிடிக்கிறது. “அப்ப என்ன பண்ணலாம்?” “இந்தப் பக்கத்து விரலால பிடிச்சுக்கறேன்.” செய்து பார்க்கிறது. சரியா வந்ததா என்று தானே பார்க்கிறது. கழுத்துப் பட்டனைவிட வயிற்றருகே உள்ள பட்டனிலிருந்து தொடங்குவது எளிது, கண்ணுக்குத் தெரியும். பெரிய பட்டன் உள்ள சட்டையில் தொடங்கலாம். பள்ளிக்குக் கிளம்பும் ஏழரை மணிப் பரபரப்பில் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை மாலையில் வைத்துக்கொள்ளலாம்.

சைக்கிளுக்கும் இதேதான். பெடலைக் கழற்றிவிட்டு, சீட்டை இறக்கி, காலால் தரையைத் தள்ளித் தள்ளிப் போக விடுங்கள். சமநிலை முதலில், பெடல் பிறகு. ஆடும் பலகையில் நூறு நாள் நிற்பதைவிட இது பத்து மடங்கு நேரான வழி, ஏனெனில் சைக்கிளின் சமநிலை சைக்கிளில்தான் இருக்கிறது.

வளர வளரச் சரியாகிவிடும் என்று சொல்லிக் காத்திருப்பதும் தவறு. இந்தப் பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களிடம் வளரிளம் பருவத்திலும் தடுமாற்றம் நீடிக்கிறது. அதற்குள் வேறொரு சேதம் நடந்திருக்கும். அணி பிரிக்கும்போது கடைசி ஆளாக நிற்கும் பிள்ளை ஒரு நாள் மைதானத்துக்கே போவதை நிறுத்திவிடுகிறது. விளையாடாததால் உடல் தளர்கிறது, எடை கூடுகிறது, நட்பு குறைகிறது, பதற்றம் சேர்கிறது. ஆகவே இவர்களுக்கு அசைவுப் பயிற்சி வேண்டும் என்று நான் சொல்வது படிப்புக்காக அல்ல. தன் வயதுப் பிள்ளைகளோடு ஓடவும், நீந்தவும், சைக்கிளில் கடைக்குப் போய்வரவும் ஒரு பிள்ளைக்குள்ள உரிமைக்காக. அந்த உரிமைக்கு மதிப்பெண் என்ற சாக்கு எதற்கு?

இந்தியச் சட்டத்திலும் இவர்களுக்கு இடம் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டிருக்கிறது. அந்தப் பட்டியலில் டிஸ்லெக்சியாவோடு டிஸ்பிராக்சியாவும் பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஓர் ஆள் போன்ற சலுகைகளைக் கேட்டுப் பெற வழியிருக்கிறது. கை ஓடாததால் மட்டும் தெரிந்த விடையை எழுத முடியாமல் போகும் பிள்ளைக்கு, கையெழுத்துப் பயிற்சி பலன் தரும்வரை அந்தக் கூடுதல் நேரம் மிகப் பெரிய உதவி.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது இதுதான். எந்த மையத்திலும் பணம் கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இன்று என் பிள்ளையால் செய்ய முடியாத எந்த ஒரு காரியத்தை மூன்று மாதம் கழித்துச் செய்ய முடியும், அதை எப்படி அளப்பீர்கள்? வாசிப்பு என்று பதில் வந்தால், வாரத்தில் எத்தனை மணி நேரம் எழுத்தோடும் ஒலியோடும் உட்காரப் போகிறது என்று கேளுங்கள். பட்டன், பேனா, சைக்கிள் என்று பதில் வந்தால், அந்தப் பட்டனையும் பேனாவையும் சைக்கிளையும் எத்தனை முறை தொடப் போகிறது என்று கேளுங்கள். மூளையைத் தூண்டுவோம், இரு பாதிகளை இணைப்போம் என்று மட்டும் பதில் வந்தால் பணத்தைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து வாருங்கள். பணத்தைவிடப் பிள்ளையின் நேரம் பெரிது. எட்டு வயதில் வீணான ஓராண்டை ஒன்பது வயதில் திரும்ப வாங்க முடியாது.

ஆசிரியர்களிடம் ஒன்று. வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் பி.டி. பீரியடைப் பிடுங்கிச் சிறப்பு வகுப்புக்குக் கொடுக்காதீர்கள். நாள் முழுவதும் தோற்றுக்கொண்டே இருக்கும் அந்தப் பிள்ளைக்கு, தான் ஜெயிக்கும் ஒரே இடம் அந்த மைதானமாக இருக்கலாம்.